பொறியியலோடு ஜெர்மன்: எப்போது தொடங்குவது?

கேள்வி: பி.இ. இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முதுநிலைப் படிப்புக்கு ஜெர்மனி செல்ல விருப்பம். அங்கே ஆங்கிலவழிப் படிப்புகள் நிறைய உள்ளன, ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் போதும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். செமஸ்டர் தேர்வு, லேப் ரெக்கார்டு என்று ஓடிக்கொண்டிருக்கும்போது ஜெர்மனும் படிக்கத்தான் வேண்டுமா?
– வாசகி, கோவை

பதில்: உங்கள் சீனியர்கள் சொல்வது சேர்க்கையைப் பொறுத்தவரை சரி. முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கும் முதுநிலைப் படிப்புகள் பலவற்றில் ஜெர்மன் தெரியாமலேயே இடம் கிடைத்துவிடும். ஆனால் பொறியியல் மாணவிக்கு வகுப்பறை பாதிதான்; மீதிப் பாதி நிறுவனங்களில் இருக்கிறது. படிக்கும்போதே பகுதிநேரமாகப் பார்க்கும் ‘வெர்க்ஷ்டுடென்ட்’ வேலைக்கும், தொழிற்சாலையில் செய்யும் ஆய்வேட்டுக்கும் விண்ணப்பிக்கும்போதுதான் மொழியின் தேவை தெரியவரும். சிறு நகரங்களில் இயங்கும் நடுத்தர இயந்திர நிறுவனங்கள் பலவற்றில் பட்டறையில் நடக்கும் பேச்சு, பாதுகாப்பு விளக்கம், காலைக் கூட்டம் எல்லாமே ஜெர்மனில்தான். பட்டம் பெற்றபின் வேலை தேட 18 மாதங்கள் வரை தங்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. அந்த அவகாசத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பதில் செலவிட வேண்டியிருந்தால் அது பெரிய இழப்பு.

ஆகவே இப்போதே தொடங்குங்கள். ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோத்தே நிலையத்தின் கணக்குப்படி, ஏ1 முதல் சி2 வரையான ஆறு படிகளில் நான்காவதான பி2 நிலையை எட்ட 45 நிமிடப் பாடவேளைகள் 600 முதல் 800 வரை தேவைப்படும். மணிக்கணக்கில் பார்த்தால் அது 450 முதல் 600 மணி நேரம். நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பதினைந்து முதல் இருபது மாதங்களில் முடியும் வேலை. இரண்டாம் ஆண்டில் தொடங்குபவருக்கு இது நிதானமாக நடந்து கடக்கும் தூரம். இறுதியாண்டில் தொடங்குபவரோ புராஜெக்ட், விண்ணப்பம், விசா எல்லாவற்றுக்கும் இடையே மூச்சுவாங்க ஓட வேண்டியிருக்கும்.

தமிழ் பேசுபவருக்கு இம்மொழியில் ஓர் ஆறுதல் உண்டு. ‘ஏனெனில்’ என்ற பொருளுடைய ‘வைல்’ போன்ற சொல்லோடு துணை வாக்கியம் தொடங்கும்போது ஜெர்மன் தன் வினைச்சொல்லைக் கடைசியில் கொண்டுபோய் வைக்கிறது. ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர்கள் அந்த இடத்தில் திணறுவார்கள். பயனிலையில் வாக்கியத்தை முடித்தே பழகிய நமக்கு அது சொந்த வீட்டு வாசல் போல இருக்கும். சொற்களைச் சேர்த்துச் சேர்த்து ஒன்றாக எழுதும் வழக்கமும் நமக்குப் புதிதல்ல. ‘ட்ரே’ என்றால் சுழற்சி, அதோடு ‘மொமென்ட்’ சேர்ந்தால் முறுக்குவிசை. பால் பகுப்பில்தான் நாம் தடுமாறுவோம். உயிரற்ற பொருள்களை எல்லாம் அஃறிணையில் அடக்கிவிட்ட நாம், அங்கே திருகாணி பெண்பால், மோட்டார் ஆண்பால், கியர்பாக்ஸ் இரண்டுமற்ற பால் என்று கற்க வேண்டும். இதற்கு விதி தேடி அலையாதீர்கள். ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதற்கு முன்வரும் ‘டேர்’, ‘டீ’, ‘டாஸ்’ என்பதோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

இன்னொரு வழக்கத்தையும் பரிந்துரைக்கிறேன். பொருள்களின் வலிமை, இயந்திர வடிவமைப்பு போன்ற பாடங்களைப் படிக்கும் செமஸ்டரிலேயே, ஒரு நோட்டில் அந்தந்தக் கலைச்சொல்லுக்கு நேரே ஜெர்மன் சொல்லை எழுதி வாருங்கள். மொழி வகுப்பில் கடைக்குப் போவதற்கும் வழி கேட்பதற்கும் சொல்லித் தருவார்கள். நெகிழ்வு எல்லை, இழுவிசைச் சோதனை என்பனவற்றுக்கான சொற்களை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

மதிப்பெண்ணை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஜெர்மனியில் 1.0 மிகச் சிறந்தது, 4.0 தேர்ச்சியின் எல்லை. நம் மதிப்பெண்ணை ‘பவேரிய வாய்ப்பாடு’ கொண்டு மாற்றுவார்கள். பத்துக்கு ஐந்து தேர்ச்சி என்று கொண்டால், சிஜிபிஏ 8 என்பது 2.2 ஆகும்; 7.5 என்பது 2.5 ஆகும். 2.5-ஐ எல்லையாக வைத்திருக்கும் படிப்புகள் பல. எனவே செமஸ்டர் தேர்வு மாதத்தில் ஜெர்மன் வகுப்பை நிறுத்தி வைப்பதில் தவறே இல்லை.

கேள்வி: என் மகன் ஜெர்மனிக்குப் போக வேண்டும் என்கிறான். அங்கே படிப்பு முழுக்க இலவசம் என்று ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
– ஒரு தந்தை, விருதுநகர்

பதில்: ஐயா, அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், அதாவது பொறியியலுக்குப் பெயர்பெற்ற ஸ்டுட்கார்ட்டும் கார்ல்ஸ்ரூவும் இருக்கும் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ செலுத்துகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-25 குளிர்கால செமஸ்டர் முதல் முதுநிலைக்கு ஒரு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வசூலிக்கிறது. தனியார் கல்லூரிகளின் கணக்கு வேறு. ஏஜென்ட் சொல்லும் பெயர் அரசு நிறுவனமா தனியாரா என்று முதலில் கேளுங்கள்.

அதைவிடப் பெரிய தொகை ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென ‘பிளாக்டு அக்கவுண்ட்’ எனப்படும் கணக்கில் காட்ட வேண்டிய 11,904 யூரோ. இது யாருக்கும் கட்டும் கட்டணம் அல்ல. உங்கள் மகனுக்கே மாதம் 992 யூரோவாகத் திரும்பி வரும் பணம். என்றாலும் புறப்படும் முன்பே முழுத்தொகையும் கையில் இருக்க வேண்டும் என்பதால் கடன் ஏற்பாட்டை முன்கூட்டியே தொடங்குங்கள். படிக்கும் காலத்தில் ஆண்டுக்கு 140 முழு நாள்கள் அல்லது 280 அரை நாள்கள் வேலை செய்ய அனுமதி உண்டு. அந்த வருமானம் செலவுக்குத் துணையாகும், கடன் தவணைக்கு அதை நம்ப வேண்டாம்.

2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களின் விசா விண்ணப்பத்துக்கு ஏபிஎஸ் சான்றிதழும் கட்டாயமாகிவிட்டது. மதிப்பெண் பட்டியல்களை டெல்லியில் சரிபார்த்துத் தரும் இந்த ஏற்பாட்டுக்கு நாள் பிடிக்கும். படிப்புகளின் விவரத்தை ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான டாட் (DAAD) அமைப்பின் இணையதளத்தில் நீங்களே இலவசமாகப் பார்க்கலாம். மகனை அருகில் உட்காரவைத்து ஒரு மாலைப் பொழுதை அதற்குச் செலவிடுங்கள்.

கேள்வி: ஜெர்மனும் ஜப்பானிய மொழியும் சேர்த்துப் படிக்கலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம். ஜப்பானிய வாக்கிய அமைப்பு தமிழுக்கு மிக நெருக்கமானது, வேற்றுமை உருபு போன்ற இடைச்சொற்களும் உண்டு. ஆனால் அன்றாட எழுத்துக்கான ‘கான்ஜி’ எனப்படும் சீன வழி எழுத்துகள் மட்டும் 2,136. ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும் ஜேஎல்பிடி எனும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில், உச்ச நிலைக்கு அடுத்ததான என்2 வரை செல்லும் உறுதி இருந்தால் ஜப்பானிய மொழியை மட்டும் எடுங்கள். இரண்டில் எந்த நாட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்ய ஆசை என்று யோசித்து, இந்த செமஸ்டர் விடுமுறைக்குள் முடிவுசெய்துவிடுங்கள்.