ஏலத்தோட்டத்துச் சேற்றுக்கு எந்த டயர்?

கேள்வி: போடியில் குடியிருக்கிறோம். போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டம் இருக்கிறது. வண்டி 2016 மாடல் மஹிந்திரா தார் சிஆர்டிஇ, ஃபோர் வீல் டிரைவ். வாரம் இரண்டு தடவை மேலே போய் வருவேன். மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்துக்குப் போகும் மண்பாதை ஒன்றரைக் கிலோமீட்டர். மழைக்காலத்தில் கடைசி ஏற்றத்தில் வண்டி சறுக்கி நின்றுவிடுகிறது. டயரும் தேய்ந்துவிட்டது. 40,000 ரூபாய்க்குள் மட் டயர் போட ஆசை. 265 மி.மீ. அகலத்தில் வெளிநாட்டு மட் டயர், பாதி தேய்ந்தது, நான்கு இருப்பதாகக் கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: அந்த நான்கையும் வாங்காதீர்கள். வண்டிக்குக் கம்பெனி கொடுத்த 235/70 ஆர்16 அளவிலேயே புது ஏ/டி டயர் (ஆல் டெரெய்ன்; ரோடு, மண்பாதை இரண்டுக்குமானது) நான்கு போடுங்கள். மிச்சப் பணத்தில் பின்சக்கரங்களுக்கு ஒரு ஜோடி இரும்புச் சங்கிலியும், பேட்டரியில் மாட்டும் காற்று கம்ப்ரசர் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஏற்றத்துக்கு இதுவே போதும் என்பது என் கணிப்பு.

மட் டயரின் பலம் அதன் பட்டன்களுக்கு (தரையைத் தொடும் ரப்பர் கட்டிகளுக்கு) நடுவே உள்ள அகலமான பள்ளம். சாதாரண டயரில் ஈர மண் பள்ளங்களில் அப்பி, இரண்டு சுற்றிலேயே டயர் மொட்டையாகிவிடும். அதன்பின் சக்கரம் எவ்வளவு சுற்றினாலும் மண்மேல் மண்தான் வழுக்குகிறது. மட் டயரில் பள்ளம் பெரிதாக இருப்பதால், சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றும்போது அப்பிய சேறு தெறித்து விழுந்து, பட்டனின் விளிம்பு மறுபடி மண்ணைக் கடிக்கும். சேற்றில் இதற்கு ஈடில்லை.

ஆனால் அதே பள்ளம்தான் ரோட்டில் பலவீனம். தரையைத் தொடும் ரப்பர் குறைவு. ஈரத்தைக் கிழித்துப் பிடிக்க ஏ/டி டயரின் பட்டன்மேல் இருக்கும் மெல்லிய கீறல்கள் மட் டயரில் மிகக் குறைவு. நீங்கள் ஒன்றரைக் கிலோமீட்டர் சேற்றுக்காக, ஒவ்வொரு தடவையும் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குகிறீர்கள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே அந்தப் பக்கம் பெய்யும். நனைந்த ரோட்டில், பனிமூட்டத்தில், மூட்டையோடு இறங்கும்போது பிரேக் பிடித்த இடத்தில் வண்டி நிற்க வேண்டும். தோட்டத்தில் சிக்கினால் நாலு பேர் வந்து தள்ளுவார்கள், டிராக்டர் வரும். மலைரோட்டு வளைவில் நிற்காமல் போனால் உதவிக்கு வர ஆளுக்கே நேரமிருக்காது. டயர் வாங்கும்போது இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

அடுத்தது அந்த 265. அகலமான டயர் சேற்றுக்கு நல்லது என்று பலரும் நம்புகிறார்கள். அது மண்ணைப் பொறுத்தது. அடியே காணாத கரிசல் சேற்றிலும் மணலிலும் அகலம் வண்டியை மிதக்க வைக்கும். உங்கள் பாதை மலைப்பாதை. மேலே இரண்டு மூன்று அங்குலம் வழுக்கும் செம்மண் களி, அதன் கீழே கெட்டித் தரை. இங்கே ஒடுங்கிய டயர்தான் களியை வெட்டிக்கொண்டு கீழே போய்த் தரையைப் பிடிக்கும். மலையில் ஓடும் பழைய ஜீப்புகளின் 6.00-16 நைலான் டயரைப் பாருங்கள்; உயரம் அதிகம், அகலம் குறைவு. அந்த டிரைவர்கள் பல வருஷமாக அதை விடாமல் வைத்திருப்பதற்கு விலை மட்டும் காரணமில்லை. (அதைத் தாருக்குப் போட நினைக்க வேண்டாம், அந்த அகலமான ரிம்முக்கு அது பொருந்தாது.)

265 போட்டால் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது உள்ளே உரசும். உரசலைத் தவிர்க்க ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கும் வளையம்) போடச் சொல்வார்கள், அதனால் வீல் பேரிங்குக்குக் கூடுதல் சுமை. டயரின் உயரம் கூடினால் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும். எஞ்சின் இழுவையும் குறையும். கம்பெனி அளவை விட்டு விலகினால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்கவும் இடம் கொடுக்கும்.

பழைய டயர் என்பது இன்னொரு சிக்கல். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2318 என்றிருந்தால் 2018-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும், ஆறேழு வருடமான ரப்பர் இறுகியிருக்கும்; நகத்தை அழுத்தினால் தடம் பதியாது. இறுகிய ரப்பர் ஈர ரோட்டில் பிடிக்காது. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு வெளிநாட்டு மட் டயர் வரத்து குறைந்தது. அதனால் மலிவு விலைக்கு வரும் வெளிநாட்டுச் சரக்கு தேங்கிக் கிடந்ததாக இருக்கலாம் என்ற சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத டயரைத் தொடவே வேண்டாம்.

ரீபட்டன் (தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டுவது) பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பட்ஜெட் என்றால் யாராவது சொல்லத்தான் செய்வார்கள். முன்சக்கரத்தில் ரீபட்டன் டயர் போட்டு மலை இறங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பின்னால் மட்டும் போட்டால் முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றளவு வித்தியாசப்படும். உங்கள் வண்டியில் ஃபோர் வீல் போடும்போது முன்னச்சும் பின்னச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்வதால் அந்த வித்தியாசம் முழுக்க டிரான்ஸ்ஃபர் கேஸில் (இரண்டு அச்சுக்கும் சக்தியைப் பிரித்து அனுப்பும் பெட்டியில்) இறங்கும். பின்னால் இரண்டு மட்டும் மட் டயர் போடலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

என்ன வாங்குவது? எம்ஆர்எஃப் வாண்டரர், அப்பல்லோ அப்டெர்ரா போன்ற உள்நாட்டு வரிசைகளில் ஏ/டி வகை கிடைக்கும். ஒரே பெயரில் ரோட்டுக்கான டயரும் வரும் என்பதால் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காமல், டயரைப் பார்த்து ஏ/டி என்று பதிந்திருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். தோள்பட்டை ஓரத்தில் பட்டன்கள் தனித்தனியாக, இடைவெளியோடு இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். சேற்றில் வேலை செய்வது அந்த ஓரம்தான். சுமைக் குறியீடு (டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் காட்டும் எண்) பழைய டயரில் உள்ளதற்குக் குறையக் கூடாது.

இனி சங்கிலி. இடுக்கி மலைகளில் தோட்டத்து ஜீப்புகள் மழைக்காலத்தில் ஏறுவது பெரும்பாலும் இதன் தயவில்தான். டயரின் இரு பக்கமும் வளையமாக ஓடும் இரண்டு சங்கிலி, அவற்றை இணைத்துப் பட்டன்மேல் குறுக்கே படியும் பல துண்டுச் சங்கிலிகள். வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டே போர்த்தி, உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்டி, வெளிப்பக்கத்தை இழுத்துக் கட்ட வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் இறங்கி மறுபடி இறுக்குங்கள். தொளதொளவென்று இருந்தால் பிரேக் ஹோஸை அடிக்கும். பாதை தொடங்கும் இடத்தில் மாட்டி, மெயின் ரோட்டுக்கு வருமுன் கழற்றிவிடுங்கள்.

சங்கிலிக்கு முன்பே காற்றைக் குறைத்துப் பாருங்கள். கதவோரத்து ஸ்டிக்கரில் சொன்ன அளவிலிருந்து 20 பிஎஸ்ஐ-க்கு இறக்கினால் டயர் தரையில் நீளமாகப் படியும். லோ ரேஞ்சில் (ஃபோர் வீலில் வேகம் குறைந்து இழுவை கூடும் நிலையில்) இரண்டாம் கியர் போட்டு, ஆக்சிலேட்டரை ஒரே சீராக வைத்து ஏறுங்கள். 15-க்குக் கீழே இறக்கினால் சரிவில் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். திரும்பி ரோட்டில் ஏறுமுன் காற்றைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது கட்டாயம். காற்று குறைந்த டயரோடு மலை இறங்கினால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கலாம். கம்ப்ரசர் அதற்காகத்தான். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் சின்ன மாடல் தார் டயருக்குத் திணறும், ஃபியூசும் போகலாம். பேட்டரி முனையில் கிளிப் போடுவதையே வாங்குங்கள்.

இருக்கும் டயர்களில் தேய்மானம் குறைந்ததை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது மாட்டியிருக்கும்போது கெட்டி ரோட்டில் ஃபோர் வீல் போடாதீர்கள்.