இங்கிலாந்தில் என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) வழியாக ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாடு), ஆட்டிசம் மதிப்பீட்டுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

உண்டு. உங்கள் ஜிபியிடம் (குடும்ப மருத்துவர்) ‘ரைட் டு சூஸ்’, அதாவது தேர்ந்தெடுக்கும் உரிமை, என்று கேளுங்கள். இது இங்கிலாந்தில் மட்டும்தான்; ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் செல்லாது. உள்ளூர் கிளினிக்கின் வரிசையில்தான் நிற்க வேண்டும் என்றில்லை. இங்கிலாந்தின் ஏதாவது ஒரு ஐசிபியுடன் (வட்டார என்எச்எஸ் வாரியம்) அந்தச் சேவைக்கு என்எச்எஸ் ஒப்பந்தம் வைத்திருக்கும் தனியார் நிறுவனத்துக்கும் ஜிபி உங்களை அனுப்பலாம். செலவு என்எச்எஸ்ஸுடையது.

ஜிபியிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். பெரியவர்களின் ஏடிஎச்டிக்கு ஏஎஸ்ஆர்எஸ் என்ற கேள்விப் படிவம்: 18 கேள்விகள், முதல் ஆறில் குறைந்தது நான்கு பதில்கள் நிழலிட்ட கட்டத்தில் விழ வேண்டும். பெரியவர்களின் ஆட்டிசத்துக்கு ஏக்யூ-10 படிவம்: மதிப்பெண் 6 அல்லது அதற்கு மேல். மதிப்பெண் மட்டும் போதாது. வேலை, பணம், வீடு இவற்றில் என்ன கெடுகிறது என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள். அனுப்புவதற்கு மருத்துவக் காரணம் இருப்பதாக ஜிபிக்குத் தோன்ற வேண்டுமே!

பலர் கோட்டைவிடுவது நிறுவனத்தைத் தேர்வு செய்யும் இடத்தில். முதல் அப்பாயின்ட்மென்ட் எப்போது என்று மட்டும் பார்க்கிறார்கள். ஏடிஎச்டிக்கு இரண்டாவது வரிசை ஒன்று இருக்கிறது: டைட்ரேஷன், அதாவது மருந்தின் அளவை மெல்ல ஏற்றிச் சரிபார்ப்பது. சில இடங்களில் ஏடிஎச்டி இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவார்கள், மருந்து தரமாட்டார்கள். டைட்ரேஷன் உண்டா, அதற்குத் தனியாக எத்தனை மாதம் என்று முதலிலேயே கேளுங்கள். அளவு நிலைத்த பிறகு ‘ஷேர்டு கேர்’ (நிபுணரும் ஜிபியும் சிகிச்சையைப் பகிரும் ஏற்பாடு) மூலம் ஜிபி மருந்தெழுத வேண்டும். அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. கைக்காசு போட்டுத் தனியாரிடம் போகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். போகும் முன்பே உங்கள் ஜிபி கிளினிக்கில் விசாரித்துவிடுங்கள்.

குழந்தை என்றால் வயது வரம்பைப் பாருங்கள். சில நிறுவனங்கள் பெரியவர்களை மட்டுமே எடுக்கும். பள்ளி நிரப்ப வேண்டிய படிவத்தை ஜூலை விடுமுறைக்கு முன் வாங்கிவிடுங்கள், தவறினால் செப்டம்பர்தான். பிள்ளைக்கு 17 ஆகிவிட்டால், 18-இல் பெரியவர்கள் பட்டியலுக்கு இடம் மாறுமா, மறுபடி முதலிலிருந்தா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆட்டிசம் மதிப்பீடு 3 மாதத்துக்குள் தொடங்க வேண்டும் என்பது நைஸ் (மருத்துவ வழிகாட்டுதல் வகுக்கும் அமைப்பு) வழிகாட்டுதல். சட்டமல்ல, புகார்க் கடிதத்தில் மேற்கோள் காட்ட உதவும்.

‘டயக்னோசிஸ் (நோயறிதல் முடிவு) வரட்டும், பிறகு உதவுகிறோம்’ என்று பள்ளி சொன்னால் ஏற்காதீர்கள். ஈஎச்சிபிக்கு (குழந்தைக்கான சிறப்புக் கல்வி உதவித் திட்டம்) டயக்னோசிஸ் தேவையில்லை; பெற்றோரே உள்ளாட்சிக்கு விண்ணப்பிக்கலாம். மதிப்பிடுவதா இல்லையா என்று 6 வாரத்தில் அவர்கள் சொல்ல வேண்டும், மொத்தக் கெடு 20 வாரம். மறுத்தால் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம்.