மதத்தால் மனிதனுக்கும் சமூகத்துக்கும் என்ன பயன்?

கடவுள் இருக்கிறாரோ இல்லையோ, மதம் என்று ஒன்று எதற்கு, அது இல்லாமல் மனிதனால் வாழ முடியாதா என்பது கேள்வி. கடவுள் பக்கம் நான் போகவில்லை. அவர்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கையும் இல்லை, சண்டையும் இல்லை. மந்தைவெளியில் முப்பது வருடமாகக் குடியிருக்கிறேன். கண்ணில் பட்டதை வைத்துச் சொல்கிறேன்.

என் அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பெரியார்காரர். அம்மா கபாலி கோயிலுக்குக் கிளம்பினால் இவரும் கூடவே போவார். உள்ளே போகமாட்டார், வெளியே நின்று செருப்புக்குக் காவல் இருப்பார். "டோக்கன் காசு மிச்சம்" என்பார். தான் செத்தால் சடங்கு எதுவும் கூடாது, கண்ணை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதியே வைத்திருந்தார்.

அப்படியே செய்தோம். கண் வங்கிக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், அரை மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அப்புறம்தான் திண்டாட்டம். ஃப்ரீசர் பெட்டி உறுமிக்கொண்டிருக்கிறது. நானும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில் செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். "அடுத்து என்னடா?" என்று அம்மா இரண்டு முறை கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

அந்த நேரத்தில் எதிர்வீட்டு அம்மா வந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. தலைமாட்டில் ஒரு விளக்கை ஏற்றி வைத்தார். என் மனைவியிடம் "நீ அடுப்பப் பத்த வைக்காதம்மா, காபி நான் அனுப்பறேன்" என்றார். அன்றைக்கும் மறுநாளும் எங்கள் வீட்டுக்கு ஃபிளாஸ்க்கில் காபியும் தூக்கில் இட்லியும் வந்துகொண்டே இருந்தன. அப்பா இருந்திருந்தால் அந்த விளக்கைப் பார்த்து ஏதாவது கேலி பேசியிருப்பார். ஆனால் அம்மா முதன்முறையாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததும் அப்போதுதான்.

துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பதைச் சின்ன வயதிலிருந்தே மூடநம்பிக்கைப் பட்டியலில்தான் வைத்திருந்தேன். அந்த வீட்டு அடுப்பு எரியக் கூடாது என்றால் பக்கத்து வீட்டு அடுப்பு எரிந்தாக வேண்டும் என்பது அன்றுதான் உறைத்தது. யார் காபி போடுவது என்று யாரும் யோசித்துத் தயங்க வேண்டியதில்லை. அது முன்பே முடிவான விஷயம்.

பதினாறாம் நாள் அப்பாவின் நண்பர்கள் சேர்ந்து படத்திறப்பு வைத்தார்கள். மாலை, நாற்காலி வரிசை, நாலு பேர் பேச்சு, அப்புறம் சாப்பாடு. கருமாதி வேண்டாம் என்றவர்களுக்கும் பதினாறாம் நாள் தேவைப்பட்டிருக்கிறது. கல்யாணமும் இப்படித்தான். ஐயரும் மந்திரமும் வேண்டாம் என்று சொன்ன சுயமரியாதை இயக்கம், கல்யாணத்தை வெறும் கையெழுத்தோடு விட்டுவிடவில்லை. மாலை மாற்றிக்கொள்ள ஒரு மேடையும், வாழ்த்திப் பேச ஒரு தலைவரும், முன்னால் உட்காரக் கூட்டமும் வைத்தது. 1967-ல் அண்ணா ஆட்சியில் அதற்குச் சட்ட அங்கீகாரமும் வந்தது. கடவுளைக் கழித்த பிறகும் மிச்சம் நிற்கிற இந்தப் பகுதிதான் மதத்தின் பாதி வேலை என்று எனக்குப் படுகிறது.

சரி, இது வீட்டுக்குள் நடப்பது. ஊருக்கு என்ன பயன்?

மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்துமூவர், அதாவது அறுபத்துமூன்று நாயன்மார்களின் ஊர்வலம். அன்று காலையில் பூம்பாவையை உயிரோடு எழுப்பிய நிகழ்ச்சியைக் கோயிலில் நடத்துவார்கள். பாம்பு கடித்துச் செத்த பெண், அவள் சாம்பலும் எலும்பும் குடத்தில் இருக்கின்றன, சம்பந்தர் பாடி எழுப்புகிறார் என்பது கதை. கதையை நம்புவது உங்கள் பாடு. அவர் பாடிய பதிகத்தை மட்டும் ஒருமுறை பாருங்கள். ஏழாம் நூற்றாண்டுப் பாட்டு. செத்துப்போன பெண்ணிடம் மோட்சத்தைப் பற்றியோ ஆன்மாவைப் பற்றியோ விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை அவர். அடியாருக்குச் சோறு போடுவதைப் பார்க்காமல் போகிறாயா, ஐப்பசி ஓணத்தைப் பார்க்காமல் போகிறாயா, கார்த்திகை விளக்கு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் எதையும் பார்க்காமலா போகிறாய் என்று மாதம் மாதமாக அடுக்குகிறார். திரும்பி வருவதற்கு அவர் காட்டும் காரணமே ஊரும் அதன் திருவிழாவும்தான். முதல் காரணம் சாப்பாடு! துர்கேம் என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர், மதக் கூட்டங்களில் மனிதர்கள் உண்மையில் தொழுவது தங்கள் சமூகத்தைத்தான் என்று 1912-ல் ஒரு பெரிய நூலே எழுதினார். சம்பந்தர் பத்துப் பாட்டில் முடித்துவிட்டார்.

அறுபத்துமூவர் அன்று மாட வீதிகளைச் சுற்றி மோர்ப் பந்தல் இல்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம். எங்கள் தெருப் பந்தலில் நானும் நிற்பேன், நாத்திகன் மகன். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலையை இடித்து நீல டிரம்மில் கொட்டி, பெருங்காயம் கலந்து, ஐஸ் கட்டியை உடைத்துப் போடுவது என் வேலை. தயிர் மொத்தமும் அந்த எதிர்வீட்டு அம்மா உபயம். குடிப்பவர் யார் என்று யாரும் பார்ப்பதில்லை. (மறுநாள் விடியற்காலையில் அத்தனை பேப்பர் கப்பையும் குனிந்து பொறுக்குகிற மாநகராட்சி ஆட்களுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்ததில்லை. அதுவும் நாங்கள்தான்.)

2015 டிசம்பர் வெள்ளத்தில் என் தங்கை குடும்பம் ஜாபர்கான்பேட்டையில் மாடியில் மாட்டிக்கொண்டது. அங்கே முதலில் சாப்பாடு கொண்டுவந்தவர்கள் பக்கத்துப் பள்ளிவாசல் பையன்கள். இரக்கம் எல்லோருக்கும்தான் இருந்தது, எனக்கும் இருந்தது. ஆனால் இருநூறு பேருக்குச் சமைக்கிற அண்டா அவர்களிடம்தான் இருந்தது. வருடா வருடம் ரமலானில் நோன்புக் கஞ்சி காய்ச்சிப் பழகிய கை, யார் அரிசி வாங்குவது யார் தூக்குவது என்று தெரிந்த ஆட்கள். ஆடியில் கூழ் ஊற்றுகிற அம்மன் கோயில் தெருவிலும் இதே அண்டா உண்டு. திருவல்லிக்கேணி பெரிய மசூதியில் நோன்பு திறக்க வருகிறவர்களுக்குப் பல வருடங்களாகச் சமைத்துக் கொண்டுபோய்ப் பரிமாறுவது மயிலாப்பூரில் இருக்கிற சூஃபிதார் அமைப்பு. பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த ஓர் இந்து தொடங்கியது அது. வள்ளலாரும் அப்படித்தான். கந்தகோட்டத்து முருகனைப் பாடிக்கொண்டிருந்தவர், 1867-ல் வடலூரில் தருமசாலை திறந்தார். பிற்பாடு சாதி, சமயம், சாத்திரம் எல்லாம் பொய் என்று தள்ளினார். அடுப்பை மட்டும் தள்ளவில்லை, அது இன்னும் எரிகிறது.

இதோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னவனாவேன்.

மூன்று வருடத்துக்கு முன் அந்த எதிர்வீட்டு மாடி காலியானது. என்னோடு இருபது வருடமாக வேலை பார்க்கும் நண்பர் வீடு தேடிக்கொண்டிருந்தார். நானே கூட்டிப்போனேன். அந்த அம்மா சந்தோஷமாக மாடி ஏறி, மெட்ரோ தண்ணி எப்போது வரும், மோட்டார் எப்போது போட வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். வாடகையும் பேசியாயிற்று. கடைசியில் "பேர் என்ன சொன்னீங்க தம்பி?" என்றார். நண்பர் சொன்னார். அவர் முஸ்லிம். "பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேனே" என்றார். டு லெட் பலகை இன்னும் மூன்று மாதம் கேட்டிலேயே தொங்கியது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நண்பர் சிரித்துக்கொண்டே, "விடுங்க சார், இது ஏழாவது வீடு" என்றார்.

என் அப்பா தலைமாட்டில் விளக்கேற்றிய அதே கை அது. நல்லவர் வேஷம் போட்ட கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அப்படி இல்லை. யார் வீட்டுத் துக்கத்தில் அடுப்புப் பற்ற வைக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததுதான், யாரை மாடியில் வைக்கக் கூடாது என்றும் சொல்லிக் கொடுத்திருக்கிறது. நம்மவர் யார் என்று கோடு போடாமல் எந்த மதமும் அண்டாவை வாங்கிவைத்து நான் பார்க்கவில்லை. கோடு எவ்வளவு அகலம் என்பதில்தான் வித்தியாசம். அடுப்பை எரியவிட்டு அந்தக் கோட்டை அழித்துவிட முடியும் என்று வள்ளலார் நினைத்தார். எத்தனை பேர் பின்னால் போனார்கள்?

கோட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் மதமே வேண்டாம் என்று போய்விடவில்லை. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் 1898-லேயே சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். நாங்கள் கோயிலுக்கு வெளியே நிற்பவர்கள் இல்லை, ஆதியில் பௌத்தர்கள் என்று வாதாடினார். அம்பேத்கர் பௌத்தம் தழுவுவதற்கு 58 வருடம் முன்பு. 1907-ல் இராயப்பேட்டையிலிருந்து ஒரு பைசா விலையில் பத்திரிகையும் நடத்தினார். எந்த வாசலும் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனாலும் தம் மக்களுக்கென்று ஒரு வாசலைத்தான் தேடினார். என் அப்பாவிடம் இதைப் பற்றி விவாதித்திருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

ஆக, பயன் உண்டா என்றால் உண்டு. வேறு ஆள் அந்த வேலையைச் செய்ய முடியாதா என்றால், முடியும். படத்திறப்பு நடந்ததே. ஆனால் அண்டாவை யாராவது வருடம் முழுக்கத் தேய்த்துவைக்க வேண்டும், அதற்கு இன்னும் ஆள் சேரவில்லை.

இந்த வருடமும் பந்தலில் நின்றேன். அந்த அம்மா தயிர்க் கேனோடு வந்து, நான் ஐஸ் உடைப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உங்க ஃப்ரெண்டுக்கு வீடு கிடைச்சுதா தம்பி?" என்றார்.

"கிடைச்சுதும்மா. திருவல்லிக்கேணியில்."

"அங்க அவங்க ஆளுங்க இருப்பாங்க, வசதிதான்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரை நீட்டினேன். குடித்துவிட்டு, உப்பு கொஞ்சம் குறைகிறது என்றார். குறைந்துதான் இருந்தது.