குவாலிட்டி எண்டா சாமான் செய்து முடிய செக் பண்ணுறது மட்டும்தானா?

இல்ல தம்பி, முந்தி அப்பிடித்தான் இருந்தது. டெய்லர் எண்ட அமெரிக்க எஞ்சினியர் 1911ல எழுதின புத்தகத்தில யோசிக்கிறது மெனேஜ்மென்ட், சொன்னபடி செய்யிறது தொழிலாளி, அவ்வளவுதான். பழுதானத கடைசியில ஒரு ஆள் பொறுக்கி எறிவார்.

அத மாத்தினது ஷூஹார்ட் எண்ட அமெரிக்கர். 1924ல வெஸ்டர்ன் எலக்ட்ரிக் எண்ட டெலிபோன் சாமான் செய்யிற கொம்பனியில இருக்கேக்க கொன்ட்ரோல் சார்ட் எண்ட வரைபடத்தக் கீறிக் காட்டினார், எந்த வேலையிலயும் கொஞ்சம் கூடிக் குறையும்தானே, அது வழமையான ஏற்ற இறக்கமா இல்லாட்டி புதுசா ஏதும் பிழைச்சிட்டுதா எண்டு பிரிச்சுப் பாக்கிறதுக்கு. எங்கட திருகோணமலை மீனையே எடுங்கோ, கொழும்புக்குப் போய் இறங்கினாப் பிறகு மணந்து பாத்து என்ன பிரயோசனம், போட்டிலயே ஒழுங்கா ஐஸ் போட்டிருக்கோணும். டெமிங் எண்ட அமெரிக்கப் புள்ளிவிபர நிபுணர் 1950ல ஜப்பானுக்குப் போய்ப் படிப்பிச்சார், அவர் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான், பிழையில பெரும்பங்கு வேலை செய்யிறவனில இல்ல, வேலை நடக்கிற முறையில. அடுத்த வருசமே அங்க அவற்ற பேரில பரிசு குடுக்கத் தொடங்கிட்டாங்கள். ஜுரான் எண்ட இன்னொரு அமெரிக்க நிபுணர் 1954ல அங்க போய் மேலிடத்து மெனேஜர்மாரையும் இதுக்குள்ள இழுத்தார்.

பிறகு 1987ல ஐஎஸ்ஓ 9000 எண்ட சர்வதேச தர நியமம் வந்தது. என்னைக் கேட்டா அதோட பைல் எழுதுற வேலையும் கூடிட்டுது, நான் முந்தி இருந்த ஒரு இடத்தில ஓடிட்டுக்கு, அதாவது ரெக்கோர்ட் எல்லாம் செக் பண்ண ஆக்கள் வாறதுக்கு, முதல் நாள் ராத்திரிதான் எல்லாரும் குந்தியிருந்து ரெக்கோர்ட் நிரப்புவம்.