பாராட்டு உண்டு, பதவி உயர்வு இல்லை: நிர்வாக உதவியாளர் என்ன செய்யலாம்?

வணக்கம். ஆறு ஆண்டுகளாக நிர்வாக உதவியாளராக இருந்தும் பாராட்டு மட்டுமே கிடைக்கிறது, பதவி உயர்வு வரவில்லை, வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம் என்பதே என் கருத்து. நம் வேலை ஒழுங்காக நடக்கும்போது யார் கண்ணிலும் படுவதில்லை. ஒரே நேரத்தில் இரண்டு கூட்டங்கள் மோதவிருந்ததை முந்தைய நாள் மாலையே நீங்கள் கவனித்து மாற்றியிருந்தால், மறுநாள் அப்படியொரு சிக்கல் இருந்ததே எவருக்கும் தெரியாது. ஆகவே, நியமன ஆணையில் இல்லாத எந்தெந்தப் பொறுப்புகளைச் சுமக்கிறீர்கள், அவற்றால் எவ்வளவு நேரமோ பணமோ மிச்சமானது என்பதை ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி வாருங்கள்.

மூன்று மாதக் குறிப்புகளோடு மேலாளரிடம் தனியாக நேரம் கேட்டு, "அலுவலக மேலாளர் பொறுப்புக்கு என்னிடம் இன்னும் என்ன குறைகிறது?" என்று நேரடியாகவே கேளுங்கள். பதவியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் மழுப்புவது கடினம். எனக்கு வழி திறந்தது, கூட்டக் குறிப்புகளின் இறுதியில் யார், எதை, எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று தனியாக ஒரு பட்டியல் சேர்க்கத் தொடங்கிய பிறகுதான். அதைப் பார்த்தே திட்ட ஒருங்கிணைப்புப் பணிக்கு என்னை அழைத்தார்கள். மேலாளரிடம் கேட்ட பிறகும் பதில் வராவிட்டால், பிற துறைகளில் உள்ள காலியிடங்களுக்கு அதே குறிப்பேட்டை வைத்து விண்ணப்பியுங்கள்.