பிரேக்குக்கு ஆயில் உண்டா?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் 150 சிசி பைக் வாங்கியிருக்கிறேன். முன் டிஸ்க் பிரேக் பிடித்தால் கீச்சென்று சத்தம் வருகிறது. பிரேக் ஆயில் மாற்ற வேண்டுமா என்று நண்பர்களிடம் கேட்டேன். ஒரே சிரிப்பு. "பிரேக்குக்கு எதுக்குடா ஆயில்? அப்படியே ஹாரனுக்கும் ரெண்டு சொட்டு விடு" என்றார்கள். ஒருவர் மட்டும், டிஸ்க் மேல் எஞ்சின் ஆயில் தடவினால் சத்தம் நின்றுவிடும் என்றார். தடவலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: தடவவே தடவாதீர்கள். சத்தம் நிற்கும், வண்டி நிற்காது. டிஸ்க்கைப் பேட் இறுக்கிப் பிடிக்கும் உராய்வில்தான் வண்டி நிற்கிறது. ஆயில் பட்டால் பேட் அதை உறிஞ்சிக்கொள்ளும். துடைத்தாலும் போகாது, பேடையே மாற்ற வேண்டியதுதான். இதை விளையாட்டுக்குக்கூட யாரும் சொல்லக் கூடாது.

நீங்கள் கேட்டது சரியான கேள்வி. டிஸ்க் பிரேக்குக்கு ஆயில் உண்டு. லீவரில் நீங்கள் கொடுக்கும் அழுத்தத்தை, பேடை டிஸ்க் மேல் அழுத்தும் காலிப்பருக்குக் கொண்டுபோவதே அதுதான். ஹேண்டில்பாரில் லீவருக்குப் பக்கத்திலுள்ள ஆயில் டப்பாவில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும், பாருங்கள். புது ஆயில் வெளிர்மஞ்சளாகத் தெரியும். டீ டிகாக்‌ஷன் மாதிரி கறுத்திருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த அளவு 155 வரை இறங்கிவிடலாம். மலைப்பாதை இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்து வந்தால் ஆயில் கொதித்து ஆவியாகும், லீவர் கிரிப் வரை அமுங்கும், பிரேக் பிடிக்காது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான்.

ஆயில் டப்பா மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று ரகம் எழுதியிருக்கும், அதையே வாங்குங்கள். முன் பிரேக்குக்கு 100 மில்லி பாட்டில் பொதுவாகப் போதும். எஞ்சின் ஆயில் ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். பெட்ரோல் டேங்க் மேல் துணி போட்டுவிட்டு ஆயில் டப்பா மூடியைத் திறங்கள், பிரேக் ஆயில் பெயின்ட்டை அரித்துவிடும். பழையதை இறக்கும்போது லீவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு காலிப்பரில் ஆயிலை வெளியேற்றும் திருகான நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்தி, அதை மூடிய பிறகுதான் லீவரை விட வேண்டும். மாற்றிச் செய்தால் காற்று உள்ளே போகும், லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும். முதல் தடவை மெக்கானிக்கைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஆனால் கீச்சுச் சத்தத்துக்கு ஆயில் காரணமில்லை. பேடைக் கழற்றிப் பாருங்கள். மேல்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்தால் உப்புத்தாளில் லேசாகத் தேய்க்கலாம். நடுவிலுள்ள பள்ளம் மறைந்திருந்தால் பேடை மாற்றுங்கள். பேட் தேயத் தேய ஆயில் மட்டமும் இறங்கும். பேடைப் பார்க்காமல் ஆயிலை மட்டும் நிரப்பினால், புது பேட் போட, பேடை அழுத்தும் காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பொங்கி வழியும். புது பேட் போட்டதும் லீவர் கெட்டியாகும் வரை பத்துப் பதினைந்து முறை அமுக்குங்கள். மறந்தால் தெருமுனையில் முதல் பிரேக்கே பிடிக்காது.

கேள்வி: இடது பக்க இண்டிகேட்டர் திடீரென வேகமாகச் சிமிட்டுகிறது. 'இண்டிகேட்டர் ஆயில்' தீர்ந்துவிட்டது, வாங்கி ஊற்று என்கிறார்கள். கடையில் கேட்டால் சிரிக்கிறார்கள்.
- வாசகி, திருநெல்வேலி

பதில்: அப்படி ஓர் ஆயிலே கிடையாது. இடது பக்கம் முன்னாலோ பின்னாலோ ஒரு பல்பு போயிருக்கும். இழுக்கும் மின்சாரம் குறைந்ததும், இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் பிளாஷர் வேகமாகச் சிமிட்டும். எரியாத பல்பைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் 12 வோல்ட் 10 வாட் இருக்கும். அதே வாட்டில் புதிது போடுங்கள். எல்இடி போட்டால் இதே வேகம் தொடரும்; அதற்கேற்ற பிளாஷரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.