காங்கிரீட் வரையும் மகள்

அம்மா, உங்கள் மகள் ஆறு மாதமாகப் பூச்சில்லாத பழைய காங்கிரீட் கட்டிடங்களை மட்டுமே வரைகிறாள், இதை வைத்து என்ன வேலைக்குப் போவாள் என்று கவலையோடு கேட்டிருந்தீர்கள். படங்களைப் பார்த்தேன். ஒன்றில், காங்கிரீட் ஊற்ற அச்சாக அடிக்கும் சென்ட்ரிங் பலகையின் மரரேகை காங்கிரீட்டில் பதிந்திருப்பதைக்கூட விடாமல் வரைந்திருக்கிறாள். அந்தத் தடத்தைப் பூசி மறைக்காமல் விடுவது புரூட்டலிசம் என்ற, காங்கிரீட்டைப் பூசாமல் அப்படியே காட்டும் கட்டிடக்கலைப் பாணியின் அடையாளங்களில் ஒன்று. அவள் கண் சரியான இடத்தில்தான் நிற்கிறது.

லண்டனில் ராபின் ஹூட் கார்டன்ஸ் என்று அதே பாணியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு இருந்தது. அலிசன், பீட்டர் ஸ்மித்சன் தம்பதி வடிவமைத்து 1972-இல் முடித்தது. 2017-இல் இடிக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே ஜெஸ்ஸி பிரென்னன் என்ற ஓவியர் அங்கே போய், குடியிருந்தவர்களிடம் பேசி, அவர்கள் வாசல் மிதியடிமேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துத் தேய்த்து அச்செடுத்தார். அவ்வளவு பெரிய கட்டிடத்தை மிதியடி வழியாகப் பார்த்த அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடிக்கும். டோ ஹோ சு என்ற கொரியக் கலைஞர் அதே கட்டிடத்தை டிரோன், முப்பரிமாண ஸ்கேன், நீண்ட நேரக் காட்சியைச் சுருக்கிக் காட்டும் டைம்லாப்ஸ் எல்லாம் கொண்டு திரைப்படமாக்கினார். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவரிடம் கேட்டுச் செய்வித்த படைப்பு அது. கட்டிடத்தின் மூன்று மாடி உயரத் துண்டு ஒன்றையும் அந்த அருங்காட்சியகம் வாங்கி வைத்திருக்கிறது.

வேலை எங்கே என்று இதிலேயே தெரிகிறது பாருங்கள். ஸ்கேன் எடுத்துக் கட்டிடத்தை ஆவணப்படுத்துவது, காங்கிரீட்டைக் கெடாமல் பராமரிப்பது, அருங்காட்சியகத்தில் பொருள்களைப் பதிந்து காப்பது எல்லாம் தனித்தனித் தொழில்கள். ஓவியம் விற்று மட்டும் மாதாமாதம் வருமானம் வருவது கடினம், அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அதனால் இவற்றில் ஒன்றை, என் கணிப்பில் முப்பரிமாண ஸ்கேனிங்கை, அவள் இப்போதே கற்கட்டும்.

படத்தொகுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருபது கட்டிடங்கள் வேண்டாம், ஒன்று போதும். அவள் படங்கள் எதிலும் ஆளே இல்லை. சாம்பல் நிறச் சுவரின் அழகை வரைய நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தச் சுவருக்குள் மழைநீர் கசிந்து அவதிப்பட்டவரும் உண்டு, அதே வீட்டை விட்டுப் போக மனமில்லாதவரும் உண்டு. இருவரிடமும் அவள் உட்கார்ந்து பேசட்டும். அப்புறம் வரையட்டும்.

அடுத்த முறை வரும்போது அவளையும் அழைத்து வாருங்கள். மரரேகைப் படத்தின் அசலையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.